நடப்பதற்கு ஒரு மூட்டை

காலையில் நான் நடக்கக் கிளம்பும்போது கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். பைக்குள் ஒன்றும் இருக்காது. முதுகுவலிக்காக டாக்டரம்மா என்னை நடக்கச் சொல்லி இரண்டு வருஷமாகிறது. இரண்டு கையையும் வீசி நடக்க வேண்டும், கையில் எதையும் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று போகும்போதெல்லாம் சொல்கிறார். நானும் நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டிவிட்டு வருகிறேன். மறுநாள் காலையில் கை தானாகப் போய் ஆணியில் மாட்டியிருக்கும் பையை எடுத்துக்கொள்கிறது. ஏன் என்று மகள் கேட்டால், வழியில் கீரை வாங்க என்பேன். நான் கீரை வாங்கி எத்தனையோ நாளாகிறது.

காரணம் ஆரணியில் இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், எழுபதுகளின் கடைசி. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்கிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். என் நைனா பட்டுப்புடவை நெய்கிறவர். வீட்டின் முன்பகுதி முழுக்கத் தறிதான். தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டுக்கொண்டு, குழியின் விளிம்பில் உட்கார்ந்து, நூல் மேல் கவிழ்ந்தபடி வேலை செய்ய வேண்டும். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை அப்படித்தான். தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் கதை. நாற்பது வயதுக்கு மேல் எங்கள் தெருவில் நிமிர்ந்து நடந்த ஆண்பிள்ளை தபால்காரர் ஒருவர்தான். அவரும் வெளியூர்க்காரர். ஆகவே முதுகுவலி என்பது எங்கள் தெருவில் ஒரு வியாதியாகவே கருதப்படவில்லை. மழை வந்தால் நனைவது போல, வயசு வந்தால் முதுகு வலிக்கும், அவ்வளவுதான்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது நைனாவால் குழியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். வெளியே வந்தும் அவர் உட்கார்ந்த வாக்கிலேயே நின்றார். மூன்று நாள் தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டு, நான்காம் நாள் கண்ணமங்கலம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து வேலூருக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்த டாக்டர் ஊசி போடவில்லை. அதில் அம்மாவுக்குப் பெரிய ஏமாற்றம். ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, மீதியெல்லாம் வாயாலேயே வைத்தியம் செய்து அனுப்பியிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் தறியை விட்டு எழுந்து நிற்க வேண்டும். உட்காரும் இடத்தில் பலகையை உயர்த்திக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கப் பழக வேண்டும். அதன்பிறகு அரைமணி நேரம், தலையை நிமிர்த்தி, வயிற்றை உள்ளிழுத்து, குதிகாலை முதலில் ஊன்றி, இரண்டு கையையும் வீசி நடக்க வேண்டும். கண் தரையைப் பார்க்கவே கூடாது.

"நடன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டரா? அதுக்கு வேலூருக்கு வேற போவணுமா?" என்றாள் அம்மா.

நைனா எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. மறுநாளே சுவரில் சாய்ந்து நின்றார். குதிகால், இடுப்புக்குக் கீழே, தோள்பட்டை, பின்னந்தலை, நான்கும் ஒரே சமயத்தில் சுவரைத் தொட வேண்டுமாம். தொடுகிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் உள்ளங்கை போகிற அளவுக்குத்தான் இடம் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தோளை ஒட்டினால் இடுப்பு விலகும். இடுப்பை ஒட்டினால் தலை முன்னால் வரும். முதல் நாள் அந்த இடைவெளியில் என் பள்ளிக்கூடப் பையே போனது. நான் சிரித்தேன், நைனாவும் சிரித்தார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

சங்கடம் அவர் தெருவில் இறங்கியதும் ஆரம்பமானது. எங்கள் தெருவில் யார் யாரைத் தாண்டிப் போனாலும், எங்கே என்று கேட்பது மரியாதை. கேட்டால் பதில் சொல்வதும் மரியாதை. நைனாவுக்குச் சொல்வதற்குப் பதில் இல்லை. சும்மா நடக்கிறேன் என்றார். சும்மா நடக்கிறவன் உலகத்தில் உண்டா? முதல் இரண்டு நாளில் அவருக்கும் அம்மாவுக்கும் சண்டை என்று பேச்சு வந்தது. எதிர்வீட்டம்மா வந்து, ஆம்பளை என்றால் நாலு வார்த்தை பேசத்தான் செய்வான், நீதான் அனுசரித்துப் போக வேண்டும் என்று அம்மாவுக்கு அரைமணி நேரம் புத்தி சொல்லிவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் தெரிந்தவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, உடம்பு முடியாத ஆள் நடக்கிறாரே என்று பின்னால் ஏற்றிக்கொண்டார். மறுக்கத் தெரியாமல் நைனா ஏறிக்கொண்டார். அன்றைய நடை முழுவதும் சைக்கிள் கேரியரில் நடந்து முடிந்தது.

இதெல்லாம் பெரியவர்கள் பாடு. என் பாடு பள்ளிக்கூடத்தில் இருந்தது. தலையை நிமிர்த்தி, கையை வீசிக்கொண்டு நைனா போவதைத் தெருப்பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். அவருக்கு 'லெஃப்ட்டு ரைட்டு' என்று பேர் வைத்தார்கள். என் வகுப்பில் எனக்கு உயிரான சிநேகிதிகள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருநாள் இடைவேளையில் அவர்கள் இரண்டு பேரும் என் எதிரே நெஞ்சைத் தள்ளி, முகவாயைத் தூக்கி, அவரைப் போல என்று நடந்து காட்டினார்கள். மற்றவர்கள் கை தட்டினார்கள். எனக்கு எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. குனிந்து நடந்த நைனாவால் எனக்கு ஒருநாளும் வெட்கம் வந்ததில்லை. ஊரில் எல்லோருடைய அப்பாவும் அப்படித்தானே நடந்தார்கள். நிமிர்ந்து நடந்த நைனாதான் எனக்கு அவமானமாக இருந்தார்.

அன்று சாயங்காலம் நான் ஒரு யோசனை சொன்னேன். கையில் எதையாவது எடுத்துக்கொண்டு போனால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றேன். டாக்டர் இரண்டு கையையும் அல்லவா வீசச் சொன்னார் என்று நைனா தயங்கினார். ஒரு கையை வீசினால் போதும் என்று நானே டாக்டராகிச் சொல்லிவிட்டேன்.

"இத்தினி நாளா இது எனக்குத் தோணலியே," என்றார். அவருக்கும் நிம்மதி என்பது முகத்தில் தெரிந்தது.

நெசவுக்காரர் கையில் என்ன இருக்கும்? நெய்து முடித்த புடவையை வெள்ளைத் துணியில் மடித்துக் கட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போவார்கள். முதலாளிதான் பட்டும் ஜரிகையும் பாவும் கொடுப்பவர். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல்தான் பாவு. ஒரு பாவில் மூன்று புடவை வரும். கடைசிப் புடவையைக் கொடுத்தால்தான் அடுத்த பாவு கிடைக்கும். நான் என் போன வருஷத்துக் காப்பி எழுத்து நோட்டுகளை அடுக்கி, பழைய வேட்டித் துண்டில் அதே மாதிரி மடித்து, அதே மாதிரி முடிச்சுப் போட்டேன். அச்சு அசல் புடவை மூட்டை. மறுநாள் தெருவில் ஒருவரும் அவரை நிறுத்தவில்லை. மூட்டையோடு போகிறவனுக்கு ஒரு வேலை இருக்கும் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நைனா கண்ணமங்கலம் சாலையில் ஆற்றுப் பாலம்வரை போவார். அங்கே பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கல் உண்டு. அதில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார். முதலாளி வீடு அதற்கு நேர் எதிர்த்திசையில் இருந்தது. இது எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. ஆனால் ஊருக்குத் தோன்றிவிட்டது.

ஒரு மாதம் போயிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். என் இரண்டு பக்கத்திலும் அந்தச் சிநேகிதிகள். முதலாளி வீட்டுக் குமாஸ்தா எதிரே வந்து நின்றார். என்னை எடை போடுகிற மாதிரி பார்த்துவிட்டு, ரொம்பப் பிரியமாகக் கேட்டார்.

"ஏம் பாப்பா, உங்க நைனா தெனம் காலையில மூட்டைய எடுத்துகினு எங்க போறாரு?"

முதுகுவலிக்காக நடக்கிறார், மூட்டையில் இருப்பது என் நோட்டு என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பக்கத்தில் நின்றவர்களில் ஒருத்தி 'லெஃப்ட்டு' என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. மற்றவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"கண்ணமங்கலத்துக்கு. பொடவ எடுத்துகினு போறாரு," என்றேன்.

நல்ல கனமான பொய். சொன்னதும் சிநேகிதிகளின் சிரிப்பு நின்றுவிட்டது. குமாஸ்தா என் தலையைத் தடவிவிட்டுப் போனார். முதலாளியின் பட்டில் நெய்கிறவன் வெளியே ஒரு புடவை கொண்டுபோனால் அதற்கு ஊரில் என்ன பேர் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைக்கு அது பேச்சு வரும்போதே தெரியும். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை என்றுதான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை.

அடுத்த வாரம் பாவு தீர்ந்தது. நைனா கடைசிப் புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். புடவையை வாங்கி நிறுத்துப் பார்த்தார்கள், கொடுத்த பட்டுக்கு எடை சரியாக இருந்தது. புதுப் பாவு மட்டும் இன்னும் வரவில்லை, அப்புறம் வா என்றார்கள். நான்கு நாள் கழித்துப் போனார். அப்புறம் வா. மறுபடி போனார். அவருக்குப் பின்னால் வந்தவர் பாவை வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

தறி சும்மா கிடந்தது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கி எழுந்தவளுக்கு வீடு காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. அம்மா பக்கத்து வீடுகளுக்கு நூல் சுற்றிக் கொடுக்கப் போனாள். ராத்திரிச் சோறு கஞ்சியானது. இதில் வேடிக்கை என்னவென்றால், உட்கார்ந்து நெய்யாததால் நைனாவின் முதுகு நன்றாகத் தேறிவிட்டது. சுவருக்கும் இடுப்புக்கும் நடுவில் இப்போது என் உள்ளங்கை மட்டுமே போனது. பார்த்துச் சொல் என்று அவர் கேட்டபோது, சரியாக இருக்கிறது நைனா என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டேன்.

எதிர்வீட்டம்மாதான் ஒருநாள் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். மிச்சம் பிடித்த பட்டில் நைனா தனியாகப் புடவை நெய்து கண்ணமங்கலத்தில் கொடுக்கிறாராம். எடை சரியாக இருந்தால் ஆயிற்றா, புடவையை ஈரத்தில் வைத்தால் எடை ஏறாதா என்று முதலாளி வீட்டில் பேசிக்கொண்டார்களாம். யார் சொன்னது என்று அம்மா கேட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். தெரியாது, யாரோ வேண்டப்பட்டவங்கதானாம் என்றாள் எதிர்வீட்டம்மா.

அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. படவேட்டு ரேணுகாம்பாளுக்கு வேண்டிக்கொண்டேன். பொய் சொன்னதை மன்னிக்கச் சொல்லி இல்லை. சொன்னது நான்தான் என்று வெளியே தெரியாமல் போக வேண்டும் என்று. நைனாவுக்குப் பாவு கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது வேண்டுதலாகத்தான் வந்தது.

அம்மா சொல்லி விஷயம் தெரிந்ததும் நைனா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் குளித்துவிட்டு, அந்த மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டார்.

"கட்டினது நீதான. நீயும் வா," என்றார் என்னிடம்.

முதலாளி வீட்டுக் கூடத்தில் ஏழெட்டு நெசவுக்காரர்கள் புடவையோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தராசு. முதலாளி மெத்தையில் சாய்ந்திருந்தார். நைனா மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மூட்டையைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் தினமும் எடுத்துக்கொண்டு போனது இதுதான், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். குமாஸ்தா முடிச்சை அவிழ்த்தார். என் நோட்டுகள் சரிந்து விழுந்தன. முதலாளி ஒன்றை எடுத்துப் புரட்டினார். அதில் வாத்தியார் சிவப்பு மையில் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார். "எழுத்து கோணலாக இருக்கிறது. நிமிர்த்தி எழுதவும்."

யாரோ சிரித்தார்கள். நைனா வேலூர் டாக்டர் சொன்னதையெல்லாம் ஆரம்பத்திலிருந்து சொன்னார். எல்லோரும் நம்பிவிட்ட மாதிரிதான் தெரிந்தது. ஆனால் குமாஸ்தாவுக்குத் தன் கவலை. தான் இட்டுக்கட்டிச் சொன்னதாக ஆகிவிடக் கூடாதே.

"நானா ஒண்ணும் சொல்லலீங்க. இவரு பொண்ணேதான் சொல்லிச்சி, கண்ணமங்கலத்துக்குப் பொடவ எடுத்துகினு போறாருன்னு," என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

கூடத்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நைனா மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்சநேரம் அது அசையாமல் நேராக நின்றது.

"நான்தாங்க அப்டி சொல்லச் சொன்னேன்," என்றார். "சும்மா நடக்கறேன்னு சொன்னா சிரிக்கிறாங்க. வெக்கமா இருந்திச்சி. யாராவது கேட்டா இப்டி சொல்லுன்னு சொல்லி வெச்சேன். கொழந்த நான் சொன்னத சொல்லிச்சி."

எனக்கு மூச்சு வந்தது. அவர் என்னிடம் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே என்று ஒரு நிமிஷம் குழம்பினேன். பிறகு, ரேணுகாம்பாள்தான் அவர் வாயில் அப்படி வரவைத்துவிட்டாள் என்று முடிவுகட்டிவிட்டேன்.

முதலாளிக்குக் கோபம் தணிந்து குஷி வந்துவிட்டது. ஊரே சிரிக்கிற மாதிரி அப்படி என்ன நடை, நடந்து காட்டு பார்ப்போம் என்றார். நைனா தராசுப் பக்கத்திலிருந்து வாசற்படிவரை நடந்தார். நெஞ்சை முன்னால் தள்ளி, கையைத் தோள் உயரத்துக்கு வீசி, குதிகாலைத் தொம் தொம்மென்று ஊன்றி நடந்தார். வாசற்படியில் போலீஸ்காரர் மாதிரி திரும்பினார். மறுபடி வந்தார். கூடம் முழுக்கச் சிரித்தது. முதலாளி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு தரம் என்றார். நைனா இன்னொரு தரம் நடந்தார்.

நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன். எல்லோரும் சிரிக்கிற இடத்தில் ஒருத்தி மட்டும் சும்மா நின்றால் சந்தேகம் வருமே. அதைவிட, தப்பித்துவிட்ட சந்தோஷம்.

அவர் நிஜத்தில் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை. சுவரில் அளவு பார்த்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் சொல்லிக்கொடுத்த நடை சாதாரண நடைதான். கோமாளித்தனம் எதுவும் அதில் இல்லை. அன்று அவர் நடந்து காட்டியது பிள்ளைகள் அவரைக் கேலி செய்த நடை. அதை அவர் எப்போது பார்த்தார், எங்கே நின்று பார்த்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிரித்துவிட்டால் முதலாளிக்கு மனசு இறங்கும், யாரும் அதற்குமேல் என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் நடந்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் புரிவதற்கு என் மகள் பிறந்து, அவளுக்காக நானும் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது.

முதலாளி குமாஸ்தாவைக் கூப்பிட்டு, ஜல்தி பாவை எடுத்துக் கொடு என்றார்.

நைனா அதன்பிறகு நடக்கப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அம்மா கேட்டதற்கு, முதுகு சரியாகிவிட்டது என்றார். சுவரில் சாய்ந்தும் நிற்கவில்லை. அன்று கூடத்தில் நடந்ததைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, சாகும்வரை. கடைசிக் காலத்தில் அவர் முதுகு மடங்கிவிட்டது. தலையைத் தூக்கி ஆளைப் பார்க்க முடியாது. வீட்டுக்குள் யார் வந்தாலும் காலைப் பார்த்துத்தான் பேர் சொல்லுவார். ஊரிலிருந்து நான் போனால் முதலில் தரையில் உட்கார்ந்துகொள்வேன். அப்போதுதான் என் முகம் அவர் கண்ணுக்கு எட்டும். அத்தனை தரம் அவருக்கு எதிரே உட்கார்ந்தும், சொன்னது நான்தான் நைனா, நீ சொல்லிக் கொடுக்கவில்லை என்ற ஒரு வாக்கியம் எனக்கு வரவில்லை. அவருக்குத் தெரிந்ததை அவரிடமே சொல்வது எதற்கு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்குச் சமாதானங்களுக்கு எப்போதும் பஞ்சமில்லை.

பாவு வாங்கிக்கொண்டு திரும்பிய அந்தக் காலை இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. நைனா பாவைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனார். நோட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். எங்கே என்று எங்களை யாரும் கேட்கவில்லை. சிநேகிதி ஒருத்தி வாசலில் நின்று பார்த்தாள். நைனா கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, தெருவில் எல்லோருடைய அப்பாவையும் போல நடந்துகொண்டிருந்தார். அப்பாடா, இனிமேல் பள்ளிக்கூடத்தில் யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, நான் அவர் பின்னால் குதித்துக் குதித்துப் போனேன்.